அளவீட்டிலிருந்து எச்சரிக்கை வரை: களத் தரவைக் கொண்டு வெள்ள, காலநிலைக் கணிப்பைத் திருத்த ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் ஒரு கணிப்பு மாதிரியை, அதாவது தரவிலிருந்து கணிப்பைக் கணக்கிடும் கணினி நிரலை, தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு கிடைத்த தரவை அதற்குள் போடுகிறார்கள். விடை சரியாக வராதபோது மாதிரியை மாற்றுகிறார்கள். மூன்றாவது மாதிரியிலும் அதே பிழை வரும்போதுதான், கோளாறு மழைமானியின் நேரக்குறிப்பிலோ ஆற்று அளவுகோலின் பூச்சிய மட்டத்திலோ இருந்தது தெரியவருகிறது. கீழே உள்ள படிகளில் மாதிரி ஒன்பதாவது இடத்தில்தான் வருகிறது. அதற்கு முன்னுள்ள எட்டுப் படிகளும் அளவீட்டைப் பற்றியவை.

வரிசையை மாற்றக் கூடாததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு படியில் விட்டுவிட்ட பிழையை அடுத்த படி மறைத்துவிடும். மழை குறைவாகப் பதிவாகியிருந்தால், மாதிரியைப் பொருத்தும்போது மண்ணின் உறிஞ்சும் திறன் அதற்கேற்பக் குறைந்து, கணக்கு நேராகிவிட்டதைப் போலத் தோன்றும். மழைமானியைப் பழுதுபார்த்த அடுத்த வாரமே கணிப்பு தாறுமாறாகும்.

1. எந்த முடிவுக்காகக் கணிக்கிறோம் என்று எழுதி வைத்தல்

"வெள்ளத்தைக் கணிக்க வேண்டும்" என்பது போதாது. எந்த இடத்தில், எந்த நீர்மட்டத்தை, எத்தனை மணி நேரம் முன்னதாக, யார் செயல்படுவதற்காகச் சொல்லப் போகிறோம் என்ற நான்கையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ஒரு பாலத்தருகே நீர் அபாய மட்டத்தைத் தாண்டுமா என்று 6 மணி நேரம் முன்னதாகச் சொல்வதற்கு 15 நிமிட மழையும் மேல்நிலை (ஆற்றின் மேற்பகுதி) நீர்மட்டமும் தேவை; வரும் பருவத்தில் வெள்ள வாய்ப்பு வழக்கத்தைவிட மிகுமா என்று சொல்வதற்குக் கடல் வெப்பநிலையும் மண் ஈரமும் பல பத்தாண்டுப் பதிவுகளும் தேவை. இரண்டையும் ஒரே தரவுத்தொகுப்பால் செய்ய முயல்வதில் மாதக்கணக்கில் வீணாகும்.

அடுத்து, ஆறு எவ்வளவு அவகாசம் தருகிறது என்று பாருங்கள். பழைய வெள்ளங்களில் ஐந்தாறை எடுத்து, மழையின் நடுப்பகுதிக்கும் நீர்மட்ட உச்சிக்கும் இடையிலான நேரத்தைக் குறியுங்கள். அது 10 மணி நேரமாக இருந்தால், 6 மணி நேர முன்னறிவிப்பை ஏற்கெனவே விழுந்த மழையைக் கொண்டே தரலாம். அது 3 மணி நேரம்தான் என்றால், இன்னும் விழாத மழையையும் கணித்தாக வேண்டும். அப்போது வானிலை முன்னறிவிப்பின் பிழையும் நம் கணக்கில் சேர்ந்துவிடும். எவ்வளவு நல்ல ஆற்று மாதிரியும் இந்த எல்லையைத் தாண்டாது.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லை, நில உயர வரைபடம், மழை, நீர்மட்டம், நேரில் அளந்த நீரோட்டம், அணை இருந்தால் அதன் திறப்புப் பதிவு ஆகியவை அடிப்படை. இவற்றோடு புதியவர்கள் கேட்க மறக்கும் ஒன்று உண்டு: ஒவ்வொரு நிலையத்தின் வரலாற்றுக் குறிப்பேடு. கருவி எப்போது மாற்றப்பட்டது, எந்த நாளில் இடம் மாறியது, எப்போது மரக்கிளை வெட்டப்பட்டது என்பனவெல்லாம் அதில்தான் இருக்கும். எண்களின் கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியவர், பிறகு அந்த எண்களில் காணும் ஒவ்வொரு தாவலுக்கும் ஊகத்தில்தான் காரணம் சொல்ல முடியும்.

உள்ளூர்ப் பதிவு குறைவான இடங்களுக்குப் பொதுவில் கிடைக்கும் தொகுப்புகள் உதவும். ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வு (பழைய அளவீடுகளை வானிலை மாதிரியோடு இணைத்து மீண்டும் கணக்கிட்ட தொகுப்பு) 1940 முதல் மணிக்கணக்கில், சுமார் 31 கி.மீ. கட்டங்களில் கிடைக்கிறது. நாசாவின் ஐமெர்க் செயற்கைக்கோள் மழைத் தொகுப்பு அரை மணிக்கொருமுறை 0.1 பாகைக் கட்டங்களில் கிடைக்கிறது. ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் உள்ள உலக நீரோட்டத் தரவு மையம் பல நாட்டு ஆறுகளின் பதிவுகளைத் தொகுத்து வைத்துள்ளது. இவை நேரடி அளவீட்டுக்கு மாற்று அல்ல. இடைவெளியை நிரப்பவும் ஐயத்தைத் தீர்க்கவும் பயன்படும்.

3. நேரத்தையும் அலகையும் ஒன்றாக்குதல்

சலிப்பூட்டும் படி இதுதான். பாதிப் பிழைகள் பிறப்பதும் இங்கேதான். எல்லாத் தரவையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, அந்த நேரத்திலேயே சேமித்து, திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்குத் திருப்புங்கள். ஒரு மழைநாள் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். காலையில் படிக்கப்படும் 24 மணி நேர மழையின் பெரும்பகுதி முந்தைய நாளுக்குரியது என்பதை மறந்தால், ஆறு மழைக்கு முன்பே பொங்கியதைப் போலத் தெரியும்.

"14:00" என்ற குறிப்பு அந்த மணி நேரத்தின் தொடக்கத்தைக் குறிக்கிறதா, முடிவைக் குறிக்கிறதா என்று ஒவ்வொரு மூலத்துக்கும் கேட்டு எழுதி வையுங்கள். நான் ஒரு சிறு ஆற்றுக்குச் செய்த முதல் கணக்கில் மழைக்கோப்பு தொடக்கத்தையும் நீர்மட்டக் கோப்பு முடிவையும் குறித்திருந்தன. உச்சி ஒரு மணி நேரம் தள்ளி வருவதைச் சரிசெய்ய, ஆற்றுப்படுகையின் உராய்வு எண்ணை மூன்று வாரம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அலகில் இரண்டு பொறிகள் திரும்பத் திரும்பக் காலை வாருகின்றன. ஐமெர்க் தரும் அரை மணி மதிப்பு, மணிக்கு இத்தனை மி.மீ. என்ற வீதம். அதை அப்படியே கூட்டினால் மழை இரட்டிப்பாகிவிடும். பாதியாக்கிய பிறகே கூட்ட வேண்டும். ஈஆர்ஏ5 மழையை மீட்டரில் தருகிறது. அதன் நிலப்பதிப்பிலோ ஒவ்வொரு மணியின் மதிப்பும் நள்ளிரவிலிருந்து அதுவரை திரண்ட கூட்டுத்தொகை; மணி மழை வேண்டுமானால் அடுத்தடுத்த மதிப்புகளைக் கழிக்க வேண்டும், நாள் மழை வேண்டுமானால் மறுநாள் 00 மணி மதிப்பை எடுக்க வேண்டும். இருபத்துநான்கையும் கூட்டிவிட்டு, மழை நம்ப முடியாத அளவுக்குக் கொட்டியிருக்கிறதே என்று வியப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

4. பூச்சிய மட்டத்தைச் சரிபார்த்தல்

நீர்மட்ட அளவுகோலில் காணும் 3.20 மீட்டர் எதிலிருந்து அளந்தது என்பது தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. அளவுகோலின் பூச்சியத்தை அருகில் அசையாமல் இருக்கும் ஒரு நிலைக்குறியோடு மட்டக்கருவி கொண்டு இணைத்து, ஆண்டுக்கு ஒருமுறையும் ஒவ்வொரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகும் மீண்டும் அளக்க வேண்டும். வெள்ளத்தில் அளவுகோல் சாயலாம். புதிதாக நடும்போது சில சென்டிமீட்டர் மாறலாம். பதிவில் அது ஆற்றின் மாற்றமாகத் தோன்றும்.

நீருக்கடியில் வைக்கும் அழுத்த உணரிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. காற்றழுத்தக் குழாய் இல்லாத வகை, நீரின் அழுத்தத்தோடு காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கிறது. ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறத்தாழ 1 செ.மீ. நீருக்குச் சமம். புயல் கடக்கும்போது காற்றழுத்தம் 30 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால், தனிக் காற்றழுத்தமானி கொண்டு திருத்தாத உணரி, நீர்மட்டத்தை ஏறக்குறைய 30 செ.மீ. குறைத்துக் காட்டும். சரியாக அறிய வேண்டிய இரவில்தான் இது நடக்கும்.

5. தரச்சோதனை: எண்ணை நீக்குமுன் அடுத்த நிலையத்தைக் கேட்டல்

முதல் விதி: "மழை இல்லை" என்பதும் "பதிவு இல்லை" என்பதும் வேறு. விடுபட்ட இடத்தில் பூச்சியம் போடும் பழக்கம் பல கோப்புகளில் இருக்கிறது. −999 என்ற குறியீட்டை மாற்றாமல் சராசரி எடுப்பதும் நடக்கிறது. மாதக்கணக்கில் தொடர்ந்து வரும் பூச்சியங்களை அருகிலுள்ள நிலையங்களோடு ஒப்பிட்டு, ஐயத்துக்குரியவற்றை விடுபட்டவை என்றே குறியுங்கள்.

இனி கீழே உள்ள இரண்டு வரிசைகளைப் பாருங்கள். இரண்டும் 15 நிமிட இடைவெளியில் மீட்டரில் எடுத்த நீர்மட்டம்.

முதலாவது: 2.31, 2.34, 2.36, 7.80, 2.41, 2.43.
இரண்டாவது: 2.31, 2.36, 3.05, 4.10, 4.85, 5.20.

முதலாவதில் 7.80 என்பது உணரியின் கோளாறு. ஆறு கால் மணி நேரத்தில் ஐந்து மீட்டர் ஏறி, அடுத்த கால் மணியில் அதே அளவு இறங்காது. இரண்டாவது உண்மையான திடீர் வெள்ளம். ஆனால், கால் மணிக்கு அரை மீட்டருக்கு மேல் மாறினால் நீக்கு என்று எழுதப்பட்ட தானியங்கி விதி, இரண்டாவது வரிசையின் உச்சிக்குப் போகும் பகுதியையும் நீக்கிவிடும். புதியவர்கள் செய்யும் பிழைகளில் இதைத்தான் மிக மோசமானதென்று கருதுகிறேன்: மற்ற எண்களிலிருந்து விலகி நிற்பதே வெள்ளத்தின் இயல்பு, விலகிய எண்ணைத் துடைத்தால், எதைக் கணிக்க வந்தோமோ அதையே துடைத்தவர்களாகிறோம். ஆகவே தானியங்கி விதி ஐயக்குறி மட்டும் இடட்டும். நீக்கும் முடிவை, மேல்நிலை நிலையமும் மழையும் ரேடாரும் என்ன சொல்கின்றன என்று பார்த்த பிறகு ஒரு மனிதர் எடுக்கட்டும். மூலக்கோப்பை ஒருபோதும் திருத்தாமல், திருத்தத்தைத் தனிக் குறியாகச் சேருங்கள்.

மழைமானியிலும் இதே போன்ற சோதனை தேவை. கவிழ் வாளி மழைமானி, சிறு வாளி நிரம்பிக் கவிழும் எண்ணிக்கையால் மழையை அளக்கிறது; அதன் புனலை இலையோ சிலந்தி வலையோ அடைத்தால், அது கனமழையை மெல்லிய தூறலாக நீட்டிக் காட்டும். மழை நின்ற பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும். வாளி கவிழும் நொடியில் விழும் நீர் கணக்கில் சேராது என்பதால், அடைமழையின்போது இத்தகைய கருவி இயல்பாகவே குறைத்துச் சொல்கிறது. பலத்த காற்றிலும் துளிகள் புனலுக்கு வெளியே அடித்துச் செல்லப்படுகின்றன. அதாவது பிழைகள் இரு பக்கமும் சமமாக இல்லை. குறைவின் பக்கமே சாய்ந்திருக்கின்றன.

6. நீர்மட்டத்தை நீரோட்டமாக மாற்றுதல்

மாதிரிகளுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது விநாடிக்கு இத்தனை கன மீட்டர் என்ற நீரோட்டம்; கருவி தருவதோ மட்டம். இரண்டையும் இணைக்கும் மட்டம்–நீரோட்ட வரைகோடு, ஆற்றில் இறங்கியோ படகிலிருந்தோ பாலத்திலிருந்தோ நேரில் அளந்த புள்ளிகளின் மேல் வரையப்படுகிறது. பொது வடிவம் எளிது: மட்டத்திலிருந்து நீரோட்டம் நின்றுபோகும் மட்டத்தைக் கழித்து, அதை ஓர் அடுக்குக்கு உயர்த்தி, ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். அகன்ற செவ்வக ஆற்றுப்பகுதிக்கு அந்த அடுக்கு 1.67 அருகிலும், வி வடிவப் பள்ளத்துக்கு 2.5 அருகிலும் அமையும். கணினி 4.8 என்று பொருத்தித் தந்தால் வரைகோடு அழகாக இருந்தாலும் ஏற்காதீர்கள். பூச்சிய மட்டம் தவறாக இருக்கலாம், அல்லது இரண்டு வேறு வரைகோடுகளின் புள்ளிகள் கலந்திருக்கலாம்.

இங்கே நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டிய எண் ஒன்று உண்டு: இதுவரை நேரில் அளந்த மிக உயர்ந்த மட்டம். அளந்த புள்ளிகள் 4 மீட்டரோடு நின்றிருக்க, வெள்ளம் 7 மீட்டருக்குப் போனால், அந்த "அளவிடப்பட்ட" வெள்ளப்பெருக்கு உண்மையில் ஊகமே. கரை தாண்டியதும் நீர் வயல்வெளியில் பரவுவதால் வரைகோடு அந்த இடத்தில் முறிந்து வேறு சரிவில் போகும்; கீழ்ப்பகுதியின் கோட்டை நேராக நீட்டுவது பெரும் பிழையில் முடியும். அத்தகைய மதிப்புகளுக்கு அகன்ற பிழை எல்லையைத் தனி நெடுவரிசையில் எழுதுங்கள். 10ஆம் படியில் அது தேவைப்படும்.

சரிவு குறைந்த ஆறுகளில், நீர் ஏறும்போது ஒரு மட்டத்துக்குரிய நீரோட்டம் அதே மட்டத்தில் இறங்கும்போது இருப்பதைவிட அதிகம். ஏறும்போதும் இறங்கும்போதும் எடுத்த புள்ளிகளை வேறு நிறங்களில் வரைந்தால் இது உடனே கண்ணில் படும். மணல் படுகைகளில் ஒவ்வொரு வெள்ளமும் படுகையை அரித்தோ மேடாக்கியோ விடுவதால், வரைகோட்டுக்கு எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்ற தேதி கட்டாயம் வேண்டும்.

7. புள்ளி மழையைப் பரப்பு மழையாக்குதல்

ஒரு மழைமானி தன் வாயளவுக்கே மழையை அளக்கிறது. அதை நூற்றுக்கணக்கான சதுர கி.மீ. பரப்புக்கு நீட்டும்போது ஏற்படும் பிழை, மானியின் சொந்தப் பிழையைவிடப் பலமடங்கு பெரிதாக இருக்கக்கூடும். சமவெளியில் பரவலான மழைக்குத் தைசன் பலகோணங்கள் (ஒவ்வொரு இடத்துக்கும் மிக அருகிலுள்ள மானியின் மழையையே கொள்ளும் முறை) போதும். மலைப்பகுதியில் உயரத்தைக் கணக்கில் கொள்ளாத எந்த முறையும் குறைத்தே சொல்லும், ஏனென்றால் மானிகள் பெரும்பாலும் ஆள் போகக்கூடிய பள்ளத்தாக்குகளிலேயே இருக்கின்றன.

ரேடார், மழையின் வடிவத்தை நன்றாகவும் அளவைச் சுமாராகவும் காட்டும். பிரதிபலிப்பிலிருந்து மழைவீதத்துக்குப் போகப் பயன்படும் மார்ஷல்–பால்மர் தொடர்பில், மழைவீதத்தை 1.6 என்ற அடுக்குக்கு உயர்த்தி 200ஆல் பெருக்கினால் பிரதிபலிப்பு வரும். அது எல்லா வகை மழைக்கும் பொருந்தாது. தொலைவு கூடக் கூடக் கதிர் நிலத்தைவிட்டு உயர்ந்துவிடுவதால், தாழ்வான மேகங்களின் மழையை அது காணாமலே போகும். ஆகவே வடிவத்தை ரேடாரிடமிருந்தும் அளவை மானிகளிடமிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தக் காரணியைக் கணக்கிடும்போது, எல்லா மானிகளின் கூட்டுத்தொகையை அதே கட்டங்களின் ரேடார் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒவ்வொரு மானிக்கும் தனி விகிதம் எடுத்துச் சராசரி காண்பவர்களுக்கு, 0.2 மி.மீ. பெய்த ஏதோ ஒரு மானி மொத்தக் காரணியையும் இழுத்துவிடும்.

செயற்கைக்கோள் மழையில் எந்தப் பதிப்பு என்பதைக் கவனியுங்கள். ஐமெர்க்கின் முதல் பதிப்பு சில மணி நேரத்தில் வருகிறது. மானிகளோடு திருத்திய இறுதிப் பதிப்பு வர மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. இறுதிப் பதிப்பில் மாதிரியைப் பழக்கிவிட்டு, நடைமுறையில் முதல் பதிப்பை ஊட்டுவது மிகப் பரவலான தவறு. எதை வைத்து ஓட்டப் போகிறீர்களோ, அதை வைத்தே பழக்குங்கள்.

8. நீர்க்கணக்கைச் சரிபார்த்தல்

மாதிரிக்கு முன் ஒரு தாளில் போடக்கூடிய கணக்கு இது. ஒரு சதுர கி.மீ. பரப்பில் 1 மி.மீ. மழை என்பது 1,000 கன மீட்டர் நீர். நீர்ப்பிடிப்புப் பகுதி 400 சதுர கி.மீ., மழை 60 மி.மீ. என்றால், விழுந்த நீர் 2.4 கோடி கன மீட்டர். ஆற்றில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அடிப்படை நீரைக் கழித்த பின் வெள்ளத்தின் மொத்த அளவு 2.6 கோடி என்று வந்தால், வானத்திலிருந்து விழுந்ததைவிட அதிகமாக ஆற்றில் ஓடியிருக்கிறது என்று பொருள். மழை குறைவாகப் பதிவாகியிருக்கலாம், வரைகோடு மிகைப்படுத்தியிருக்கலாம், மேலே ஓர் அணை திறக்கப்பட்டிருக்கலாம், பரப்பளவு தவறாக இருக்கலாம். எது என்று தெரியும்வரை அடுத்த படிக்குப் போகக் கூடாது.

இந்தக் கணக்கைக் குறைந்தது பத்து வெள்ளங்களுக்குப் போட்டு, ஓடிய பங்கை வரிசையாக எழுதினால், ஈரமான பருவத்தில் அது கூடுவதும் வறண்ட மண்ணில் குறைவதும் தெரியும். ஒன்றிரண்டு மட்டும் காரணமின்றித் தனித்து நின்றால், அந்த நாட்களின் மூலப்பதிவைத் திறந்து பாருங்கள்.

9. மாதிரியைப் பொருத்துதல்

இப்போது மாதிரி. எளியதிலிருந்து தொடங்குங்கள். நீர்மட்டம் இப்போதுள்ளபடியே இருக்கும் என்று சொல்லும் "மாறாமை" கணிப்பும், மேல்நிலை நிலையத்தின் மட்டத்தைப் பயண நேரத்துக்குத் தள்ளிப் போடும் கணிப்பும் உங்கள் ஒப்பீட்டு அடிப்படை. இவற்றை வெல்லாத மாதிரிக்கு, அது எவ்வளவு சிக்கலானதாக இருந்தாலும், பயன் இல்லை.

மாதிரியைக் கணக்கின் முதல் நாளிலிருந்தே மதிப்பிடாதீர்கள். தொடக்கத்தில் மண்ணில் எவ்வளவு நீர் இருந்தது என்பது தெரியாது. அந்த ஊகத்தின் தாக்கம் கரைய, பல இடங்களில் ஓராண்டுப் பதிவையாவது முன்னோட்டமாக ஓடவிட வேண்டும்.

தரவைப் பிரிக்கும்போது காலத்தால் பிரியுங்கள். மணிக்கணக்கான பதிவுகளைக் குலுக்கிப் போட்டு, எண்பது விழுக்காட்டைப் பழக்கவும் இருபதைச் சோதிக்கவும் எடுத்தால், ஒரே வெள்ளத்தின் 3 மணிப் பதிவு ஒரு பக்கமும் 4 மணிப் பதிவு மறுபக்கமும் விழும். அடுத்தடுத்த மணிகள் ஏறக்குறைய ஒன்றே என்பதால், மாதிரி விடையைப் பார்த்தே எழுதியதாகிறது. இயந்திரக் கற்றலிலிருந்து இத்துறைக்கு வருகிறவர்கள் இந்தக் குழியில் விழாமல் தப்புவது அரிது. முழு ஆண்டுகளைத் தனியே வையுங்கள். அவற்றில் பதிவிலேயே பெரிய வெள்ளம் ஒன்றேனும் இருக்கட்டும்.

10. ஓடும் மாதிரிக்குள் அளவீட்டை உள்வாங்குதல்

மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்போது புதிதாக வரும் அளவீட்டைக் கொண்டு அதன் நிலையைத் திருத்துவதே இந்தப் படி. மாதிரியையும் அளவீட்டையும் எந்த அளவுக்கு நம்புவது என்பதை அவற்றின் பிழைகளே முடிவு செய்கின்றன. கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் விளங்கும்.

மாதிரி 4.20 மீட்டர் என்கிறது; அதன் வழக்கமான பிழை 0.30 மீட்டர். உணரி 4.50 என்கிறது, அதன் பிழை 0.10 மீட்டர். பிழைகளின் வர்க்கம் 0.09, 0.01. அளவீட்டுக்குரிய எடை, 0.09ஐ இவ்விரண்டின் கூட்டான 0.10ஆல் வகுத்தால் 0.9. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 0.30, அதில் 0.9 பங்கு 0.27. திருத்திய மட்டம் 4.47 மீட்டர். கால்மன் வடிகட்டி எனப்படும் கணித முறையின் உள்ளே நடப்பது இதுதான். குழும முறையில் மாதிரியின் பல பிரதிகளை ஓட்டி, அவை எவ்வளவு சிதறுகின்றன என்பதிலிருந்து மாதிரியின் பிழையை எடுக்கிறார்கள்.

இனி, கருவிப் பெட்டியில் அச்சிட்டிருந்த 0.01 மீட்டரையே உணரியின் பிழையாகப் போட்டால் எடை 0.999ஆகிவிடும். அலையும் குப்பையும் பூச்சிய மட்டத்தின் ஐயமும் சேர்ந்த உண்மைப் பிழை அதைவிடப் பெரிது. மாதிரி அப்போது உணரியின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடும். இந்த நொடியின் மட்டம் கச்சிதமாகப் பொருந்தும், ஆறு மணி நேரத்துக்குப் பிந்தையது மோசமாகும். 6ஆம் படியில் எழுதி வைத்த பிழை எல்லையை இங்கே பயன்படுத்துங்கள்.

ஆற்றில் ஒரு புள்ளியின் மட்டத்தை மட்டும் திருத்தினால் அதன் பயன் சில மணி நேரத்தில் கீழே ஓடிப்போய்விடும். மேற்பகுதி மண்ணின் ஈரத்தையும் சேர்த்துத் திருத்தினால்தான் விளைவு நீடிக்கும். ஸ்மேப் போன்ற மண் ஈரத்தை அளக்கும் செயற்கைக்கோள்கள் மேல்மண்ணின் சுமார் 5 செ.மீ. ஆழத்தையே உணர்கின்றன, மாதிரியின் மண்ணடுக்கோ ஒரு மீட்டராக இருக்கலாம். ஆகவே செயற்கைக்கோளின் எண்ணை அப்படியே திணிக்காமல், இரண்டின் நீண்டகாலப் பரவலையும் ஒப்பிட்டு, மாதிரியின் அளவுகோலுக்கு மாற்றிய பிறகே சேர்க்க வேண்டும்.

வெள்ளப் பரப்பைக் காட்டும் ரேடார் படங்களும் உதவும். சென்டினல்-1 என்ற ரேடார் செயற்கைக்கோளின் படத்தில் அமைதியான நீர் கறுப்பாகத் தெரியும், மேகம் தடையில்லை. ஆனால் அடர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் மரங்களுக்குக் கீழும் நிற்கும் நீர் தவறிப்போகும். செயற்கைக்கோள் கடக்கும் நேரம் வெள்ள உச்சியோடு ஒத்துவர வேண்டும் என்பதும் இல்லை. படத்தில் நீர் இல்லாததை, வெள்ளம் இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

11. கணிப்பைச் சோதித்தல்

கணிப்பு அளவீட்டோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் நாஷ்–சட்க்ளிஃப் குறியீடு (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.9 வந்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன், அது எந்த மழையைக் கொண்டு வந்தது என்று கேளுங்கள். பின்னர் திருத்தப்பட்ட உண்மை மழையைக் கொடுத்துச் சோதித்தால் மாதிரி நன்றாகத்தான் தெரியும். முன்னறிவிப்பு விடுத்த அந்த மணியில் கையில் இருந்த தரவையும், அன்று வெளியான வானிலை முன்னறிவிப்பையும் மட்டும் கொண்டு மீண்டும் ஓட்டுங்கள். இதற்காகவே, ஒவ்வொரு தரவும் எப்போது அளக்கப்பட்டது என்பதோடு எப்போது வந்துசேர்ந்தது என்பதையும் முதல் நாளிலிருந்து சேமிக்க வேண்டும்.

எச்சரிக்கைக்கு வேறு அளவுகோல் தேவை. 12 முறை எச்சரித்தோம். 8 முறை வெள்ளம் வந்தது, 4 முறை வரவில்லை. எச்சரிக்காமல் 2 முறை வந்தது என்று கொள்வோம். கண்டறிந்த பங்கு 10இல் 8. பொய் எச்சரிக்கை 12இல் 4. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வெற்றிக் குறியீடு 14இல் 8, அதாவது 0.57. வெள்ளமில்லாத ஆயிரக்கணக்கான நாட்களைச் சரியாகச் சொன்னதையும் சேர்த்து "99 விழுக்காடு துல்லியம்" என்று எழுதுவதில் பொருள் இல்லை. ஒருநாளும் எச்சரிக்காத அமைப்புக்கும் ஏறக்குறைய அதே மதிப்பெண் கிடைக்கும்.

இந்த எண்களை 3, 6, 12, 24 மணி நேர அவகாசம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுதுங்கள். எந்த அவகாசத்தில் மாறாமைக் கணிப்பை வெல்கிறோம், எதில் தோற்கிறோம் என்பதே 1ஆம் படியில் எழுதிய வாக்கியத்துக்கான பதில்.

12. காலநிலைக் கணிப்புக்கு எடுத்துச் செல்லுதல்

பத்தாண்டுக் கணக்கில் பேசும்போது அளவீட்டின் சிறு ஒருபக்கச் சாய்வே பெரும் பிழை. நிலையம் இடம் மாறினாலோ கருவி மாறினாலோ ஏற்படும் தாவல், காலநிலை மாற்றமாகத் தோன்றிவிடும். அண்டை நிலையங்களின் திரண்ட மழையை ஓர் அச்சிலும், ஐயத்துக்குரிய நிலையத்தின் திரண்ட மழையை மற்றொன்றிலும் வரைந்தால், கோடு முறியும் ஆண்டு தெரியும். 2ஆம் படியில் வாங்கிய குறிப்பேடு அந்த ஆண்டுக்குக் காரணம் சொன்னால் திருத்துங்கள். சொல்லாவிட்டால் குறித்து வைத்துக்கொண்டு தொடாமல் விடுவது நல்லது. மறுபகுப்பாய்வுத் தொகுப்பிலிருந்து நேரடியாகப் போக்கு காண்பதிலும் எச்சரிக்கை வேண்டும்: செயற்கைக்கோள் அளவீடுகள் பெருகிய 1970களின் இறுதியில் அதன் உள்ளீடே மாறிவிட்டது.

ஒப்பீட்டுக்கான அடிப்படைக் காலமாக உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுகளைக் கொள்கிறது; இப்போதைய இயல்புக் காலம் 1991–2020. உலகக் காலநிலை மாதிரியின் மழையை உள்ளூர் அளவீட்டோடு பொருத்தும்போது, நாளுக்கு நாள் ஒப்பிடக் கூடாது. அந்த மாதிரியின் 2005 ஜூலை 12 உண்மையான அந்த நாளே அல்ல. ஒத்துப்போக வேண்டியது பரவல் மட்டுமே. ஆகவே இரண்டின் பரவல்களையும், மிகச் சிறு மழையிலிருந்து மிகப் பெருமழை வரை, படிநிலை வாரியாக இணைத்துத் திருத்துகிறார்கள். பதிவில் இதுவரை காணாத பெருமழைக்கு அந்தத் திருத்தம் ஊகமாகிவிடும் என்பதை விடையோடு சேர்த்தே எழுத வேண்டும். பருவக் கணிப்புக்கோ தொடக்க நிலை முக்கியம். கடலில் மூழ்கி எழுந்து அளக்கும் சுமார் 4,000 ஆர்கோ தானியங்கி மிதவைகள் பத்து நாளுக்கொருமுறை 2,000 மீட்டர் ஆழம்வரை அளந்து தரும் வெப்பநிலையும் உப்புத்தன்மையும் அங்கேதான் பயன்படுகின்றன.

"நூறாண்டு வெள்ளம்" என்ற சொல்லை விளக்காமல் வெளியிடாதீர்கள். ஆண்டுக்கு 1 விழுக்காடு வாய்ப்புள்ள வெள்ளம் 30 ஆண்டுகளில் ஒருமுறையேனும் வர, நிலைமை மாறாதிருந்தாலும், 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

13. வெள்ளத்தின் நடுவிலும் மறுநாளும்

உணரி அடித்துச் செல்லப்படும், மின்சாரம் போகும், கைபேசி கோபுரம் செயலிழக்கும் என்றே அமைப்பைத் திட்டமிடுங்கள். எந்த நிலையம் நின்றால் எதைக் கொண்டு ஓட்டுவது என்ற மாற்று வரிசை முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்தையும் வேண்டுமென்றே துண்டித்து, கணிப்பு எவ்வளவு கெடுகிறது என்று அமைதியான நாளில் ஒத்திகை பார்க்க வேண்டும். தரவு நின்றுபோனதைத் திரை தெளிவாகக் காட்டட்டும். கடைசி மதிப்பையே நேர்க்கோடாக நீட்டும் திரையைப் பார்ப்பவர், ஆறு நிதானமாக இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

நீர் இறங்கிய மறுநாளே களத்துக்குப் போங்கள். சுவர்களில் படிந்த சேற்றுக்கோடு, வேலியில் சிக்கிய வைக்கோல், மரப்பட்டையின் ஈரத்தடம் ஆகியவை அடுத்த மழையில் அழிந்துவிடும். ஆற்றின் நீளத்துக்கு இரு கரைகளிலும் அவற்றின் உயரத்தை நிலைக்குறியோடு இணைத்து அளந்து, படத்தோடும் நேரத்தோடும் பதியுங்கள். அலை எற்றிய இடத்தில் கோடு உயர்ந்தும், தேங்கிய மூலையில் தாழ்ந்தும் இருக்கும் என்பதால் ஒரே இடத்தில் நான்கைந்து தடங்களாவது வேண்டும். உச்சியில் உணரி செயலிழந்திருந்தால் அந்த வெள்ளத்தின் உயரத்துக்கு எஞ்சியிருக்கும் சான்று இவை மட்டுமே. 6ஆம் படியின் வரைகோட்டில் 4 மீட்டருக்கு மேல் வெறுமையாகக் கிடந்த பகுதியில் வைக்கும் முதல் புள்ளியைக் கணக்கிடவும் இந்த உயரங்கள்தான் பயன்படும்.